சோயா மாவுப் பசையும் தண்ணீர்க் கணக்கும்

யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் பழகிய பிளைவுட் ஆலைக்குள் சோயா மாவுப் பசை நுழைந்தால் முதலில் வரும் புகார் "ஒட்டவில்லை" என்பதல்ல, "ஓடவே மாட்டேங்குது" என்பதுதான். அடுத்து யாராவது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். பசை ஓடும், ரோலரில் அழகாகப் பரவும். ஹாட் பிரஸ் திறக்கும்போது பலகை நடுவில் வயிறு ஊதி வெடித்திருக்கும். தாவரப் புரதப் பசைகளில் நடக்கும் பெரும்பாலான தோல்விகளின் கதை இவ்வளவுதான். ஒட்டும் வலிமையைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஆலையில் பசையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அது எப்படி ஓடுகிறது, அப்படி ஓடுவதற்கு எவ்வளவு தண்ணீர் கேட்கிறது என்பதுதான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 1 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று வெனீர் (மெல்லிய மரத்தகடு), அடர்த்தி கன மீட்டருக்கு 550 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு உலர்ந்த மரம் 1,650 கிராம். வெனீர்களுக்கு நடுவே இரண்டு பசைக்கோடுகள், ஒவ்வொன்றிலும் சதுர மீட்டருக்கு 200 கிராம் பசை. பசையில் திடப்பொருள் 50 சதவீதம் என்றால் மரத்துக்குள் போகும் தண்ணீர் 200 கிராம், அதாவது மர எடையில் 12 சதவீதம். அதே அளவுப் பசையில் திடப்பொருள் 30 சதவீதம் என்றால் தண்ணீர் 280 கிராம், 17 சதவீதம். வெனீரில் ஏற்கெனவே இருக்கும் 6 சதவீத ஈரத்தையும் சேர்த்தால் பிரஸ்ஸுக்குள் போகும் பலகையில் 23 சதவீத ஈரம் இருக்கிறது. 110 டிகிரிக்கு மேல் சூடாகும் தட்டுகளுக்கு நடுவே இது நீராவிக் கிடங்கு. அழுத்தம் விலகும் நொடியில் அந்த நீராவியின் விசை, இன்னும் ஈரமாக இருக்கும் பசைக்கோட்டின் பலத்தை மிஞ்சினால் பலகை பிளக்கும்.

அப்படியானால் திடப்பொருளைக் கூட்டினால் போதாதா? அங்கேதான் சோயா வழிமறிக்கிறது. யூரியா பிசினின் மூலக்கூறுகள் குட்டையானவை. பாதிக்குப் பாதி திடப்பொருள் இருந்தும் அது சில நூறு சென்டிபாய்ஸில் (பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, அதை அளக்கும் அலகு) ஓடிக்கொண்டிருக்கும். சோயாவில் உள்ள இரண்டு முக்கியப் புரதங்களில் பீட்டா கான்கிளைசினினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,80,000, கிளைசினினுடையது ஏறத்தாழ 3,60,000. இவை தண்ணீரை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கூடவே மாவில் இருக்கும் கார்போஹைட்ரேட்டும் நாரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் நீக்கிய சோயா மாவில் புரதம் சுமார் 50 சதவீதம், கார்போஹைட்ரேட் 30 சதவீதத்துக்கு மேல். எந்தத் திருத்தமும் செய்யாமல் இந்த மாவை 30 சதவீத அளவில் கரைத்தால் கிடைப்பது பசை அல்ல, பிசைந்த மாவு.

தூய்மை கூடினால் ஓட்டம் மேம்படும் என்று நினைப்பது தவறு. 90 சதவீதப் புரதம் உள்ள ஐசொலேட்டை, அதாவது மாவிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை, எடுத்துக்கொண்டால் அது 12, 15 சதவீதத்திலேயே கெட்டியாகிவிடும். ஐசொலேட்டில் செய்த ஆய்வக முடிவுகள் காகிதத்தில் ஜொலிப்பதும் ஆலைக்குள் வராமல் நிற்பதும் இதனால்தான். விலை ஒரு காரணம், தண்ணீர் இன்னொரு காரணம். பிளைவுட் பசைக்கு மாவுதான் சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

பழைய சூத்திரம் சொல்லும் பாடம்

சோயாவைப் பசையாக்குவது புதிய யோசனை இல்லை. ஓட்டிஸ் ஜான்சன் 1923இல் சோயா மாவுப் பசைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சியாட்டிலில் ஐ. எஃப். லாக்ஸின் நிறுவனம் அதை வணிகமாக்கியது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கில் டக்ளஸ் ஃபர் பிளைவுட் தொழில் வளர்ந்தது பெரும்பாலும் இந்தப் பசையின் மேல்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஃபீனால், யூரியா பிசின்கள் அதை ஓரங்கட்டின.

அந்தக் காலத்துக் காரப் பசையின் விகிதம் ஏறத்தாழ இப்படி: மாவு 100 பங்கு, முதல் தண்ணீர் 180 பங்கு, நுரை அடக்க பைன் எண்ணெய் அல்லது டீசல் 3 பங்கு. கட்டி போகும் வரை மூன்று நிமிடம் கலக்கல். பிறகு இன்னும் 150 பங்கு தண்ணீர், இரண்டு நிமிடம். நீற்றிய சுண்ணாம்பு 12 பங்கை 25 பங்கு தண்ணீரில் குழம்பாக்கிச் சேர்த்து ஒரு நிமிடம். 50 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசல் 14 பங்கு, ஒரு நிமிடம். சோடியம் சிலிகேட் கரைசல் 26 பங்கு, ஒரு நிமிடம். கடைசியாகப் பூஞ்சைத் தடுப்பான் 5 பங்கு, பத்து நிமிடம் கலக்கல்.

வரிசையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் மாவுக் கட்டிகள் மிதந்து தப்பித்துக்கொள்ளும். வெளித்தோல் நனைந்து ஜெல்லாகி உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். பாதித் தண்ணீரில் கெட்டியாகப் பிசையும்போது கலக்கியின் விசை கட்டிகளை நசுக்குகிறது. காஸ்டிக் புரதத்தின் சுருளை அவிழ்க்கிறது, அதனால் பாகுநிலை முதலில் ஏறும். அதே காஸ்டிக் நேரம் போகப்போகப் புரதச் சங்கிலியையே நறுக்கத் தொடங்கும், பாகுநிலை சரியும், அம்மோனியா வாடை வரும். சுண்ணாம்பு கரையாத கால்சியம் புரதச் சேர்மங்களை உண்டாக்கி நீர் தாங்கும் குணத்தைத் தருகிறது. சிலிகேட்டின் வேலை அந்தச் சரிவைத் தள்ளிப்போட்டு, பாகுநிலையை ஷிஃப்ட் முடியும் வரை ஓரளவு நிலையாக வைத்திருப்பது. சிலிகேட்டை மறந்த கலவை காலையில் நன்றாக ஓடி, மதிய உணவுக்குப் பிறகு ரோலரிலிருந்து சொட்டும்.

மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் திடப்பொருள் நாலில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் அது ஆலைகளில் தாக்குப்பிடித்தது என்றால், கையில் குளிர் பிரஸ் இருந்தது, நேரமும் இருந்தது. ஓக் போன்ற டானின் நிறைந்த முகவெனீரில் இந்தக் காரப் பசை பழுப்புக் கறை ஏற்றும். இன்றைய அலங்கார பிளைவுட்டுக்கு அது ஆகாது.

இன்றைய சோயா பசை வேறு வழியில் வந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லி, கடல் சிப்பிகள் பாறையில் ஒட்டிக்கொள்ளும் புரதத்தைப் பார்த்துத் தொடங்கிய ஆய்வு, சோயா மாவோடு காகித ஆலைகள் ஈரவலிமைக்குப் போடும் பி.ஏ.இ. பிசினைச் சேர்ப்பதில் முடிந்தது. பாலிஅமிடோஅமீன் எபிகுளோரோஹைட்ரின் என்பது அதன் முழுப்பெயர். கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை வணிக பிளைவுட்டாக்கியது. லி, கொலம்பியா, பிசின் தந்த ஹெர்குலிஸ் மூவருக்கும் 2007இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா ஃபார்மால்டிஹைடு வெளியேற்றத்துக்குக் கடும் வரம்பு விதித்தது, ஹார்டுவுட் பிளைவுட்டுக்கு அது 0.05 பி.பி.எம். வரை இறங்கியது. ஃபார்மால்டிஹைடே சேர்க்காத பசைக்குச் சந்தை திறந்தது அப்படித்தான்.

ஒற்றை எண் பொய் சொல்லும்

"பாகுநிலை எவ்வளவு?" என்று கேட்டு ஒரே ஒரு எண்ணைப் பதிலாக வாங்குவது யூரியா பிசினுக்குப் பொருந்தும். அது எந்த வேகத்தில் கலக்கினாலும் கிட்டத்தட்ட ஒரே பாகுநிலை காட்டும். சோயா பசை தோசை மாவு மாதிரி: கரண்டியால் கலக்கும்போது இளகும், விட்டுவிட்டால் இறுகும். இங்கே இரண்டு குணங்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. வேகமாக இழுக்கப்படும்போது இளகுவது ஒன்று. நின்றபின் கட்டமைப்பு மெல்ல மீண்டும் கூடுவது இன்னொன்று. கூடவே ஒரு குறைந்தபட்ச விசை வரும் வரை அசையவே மறுக்கும் பிடிவாதமும் உண்டு.

நம் ஊர் பிளைவுட் ஆலைகளில் பாகுநிலை பார்க்க பி4 ஃப்ளோ கப் இருக்கும், இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3944 சொல்லும் அதே கப். பிசின் நிரப்பி, அடித்துளையைத் திறந்து, எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்ப்பது வழக்கம். சோயா பசைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். கப்பில் மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறைகிறது, ஓட்டம் மெதுவாகிறது, மெதுவாக ஓடும் பசை கெட்டியாகிறது. கடைசியில் பாதிக் கப்பிலேயே ஓட்டம் சொட்டாகி நின்றுவிடும். அந்த நொடிக் கணக்கை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் முதல் பத்தியில் சொன்ன இடத்துக்கே போய்ச் சேர்வீர்கள்.

சுழல் விஸ்காமீட்டர் ஒன்று போதும். புரூக்ஃபீல்டு ஆர்.வி. வகையும் 6ஆம் எண் ஸ்பிண்டிலும் (பசைக்குள் சுழலும் தண்டு) பிளைவுட் பசைக்குச் சரியான வீச்சில் வரும். அந்த ஸ்பிண்டிலுக்கு நிமிடத்துக்கு 10 சுற்றில் முழு அளவு 1,00,000 சென்டிபாய்ஸ், 100 சுற்றில் 10,000. முறுக்குவிசை 10 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அந்த எண்ணை நம்பக்கூடாது.

அளவைவிட முக்கியம் அளப்பதற்கு முன் பசை என்ன பட்டது என்பது. ஒரே பசையைக் கலக்கிய உடனே அளந்தால் ஒரு எண், அரைமணி கழித்து அளந்தால் வேறு எண். அதனால் முறையை நிலையாக வையுங்கள்: 600 மில்லி பீக்கர், 25 டிகிரி, குறிப்பிட்ட வேகத்தில் பத்து நிமிடக் கலக்கல், முப்பது நிமிட ஓய்வு, பிறகு ஸ்பிண்டிலை மெல்லச் சாய்த்து இறக்குதல். 10, 20, 50, 100 என்று ஏறி, அதே படிகளில் இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம். ஏறும்போது வந்த எண்ணுக்கும் இறங்கும்போது வந்த எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உடைந்த கட்டமைப்பு.

உதாரணத்துக்கு 10 சுற்றில் 20,000, 100 சுற்றில் 5,000 என்று வைத்துக்கொள்வோம். வேகம் பத்து மடங்கானபோது பாகுநிலை நாலில் ஒன்றாகியிருக்கிறது. 0.25இன் மடக்கை மைனஸ் 0.60. அதோடு 1ஐக் கூட்டினால் 0.40. இதுதான் ஓட்டக் குறியெண். தண்ணீருக்கு இது 1. குறியெண் சிறியதாக ஆக, பசை வேகத்துக்கு அதிகம் இளகும். இதே போக்கு நீடித்தால் இன்னும் பத்து மடங்கு வேகத்தில் பாகுநிலை 1,250, அதற்கடுத்த பத்து மடங்கில் சுமார் 310. பீக்கரில் பயமுறுத்தும் 20,000, ரோலர் இடுக்கில் நன்றாகப் பரவும் திரவமாகிவிடுகிறது. பீக்கரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த நீட்டிப்புக்கு எல்லை உண்டு. உண்மையான வளைவு ஏதோ ஓரிடத்தில் தட்டையாகும். அதைப் பார்க்க, இரண்டு பரப்புகளுக்கு நடுவே பசையை வைத்துச் சுழற்றி அளக்கும் ரியோமீட்டர் வேண்டும். அங்கே ஒரு பொறி: கூம்புத் தட்டு வேண்டாம். கூம்பு முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 50 மைக்ரான் அளவில் இருக்கும். 200 மெஷ் சல்லடையில் சலித்த மாவின் துகள் 75 மைக்ரான் வரை போகும். துகள்கள் இடுக்கில் சிக்கி அரைபடும், எண் தாறுமாறாக ஏறும். இணைத்தட்டு, 1 மில்லிமீட்டர் இடைவெளி, வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பரப்பு, ஓரம் காயாமலிருக்க ஓரத்தைச் சுற்றி மெல்லிய சிலிக்கோன் எண்ணெய். ஓரம் காய்ந்தால் அதைப் பசையின் இறுக்கம் என்று தவறாகப் படிப்பீர்கள்.

மீட்சியையும் பார்க்க வேண்டும். 10 சுற்றில் இரண்டு நிமிடம், 100 சுற்றில் இரண்டு நிமிடம், திரும்ப 10 சுற்றில். முதல் எண்ணை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? ரோலரை விட்டு வெனீரில் விழுந்த பசை ஓரிரு நிமிடங்களில் கட்டமைப்பை மீட்டுக்கொண்டால் மரத்துக்குள் அதிகம் இறங்காது, ஓரத்தில் வழியாது. மீளவே மீளாத பசை, குறிப்பாக நொதியால் அளவுக்கு மீறி வெட்டப்பட்டது, வெனீருக்குள் காணாமல் போகும்.

எந்த வேலைக்கு எவ்வளவு ஓட்டம்? பழைய சோயா பசைகள் 500 சென்டிபாய்ஸிலிருந்து 75,000 வரை பரந்து கிடந்தன. தெளிப்புக்குக் கீழ்முனை, கத்தியால் இழுக்கும் பூச்சுக்கு மேல்முனை. ரோலருக்கு நடுவில் எங்கோ. மரச் சிப்ஸை அழுத்திச் செய்யும் துகள்பலகைக்குப் பசை தெளிப்பான் துளை வழியே போக வேண்டும், அதற்குச் சில நூறு சென்டிபாய்ஸ்தான் தாங்கும். மாவுப் பசையை அந்த அளவுக்கு நீர்க்க வைத்தால் தண்ணீர் சிப்ஸை நனைத்துவிடும். அதனால் துகள்பலகையில் மாவைப் பொடியாகவே சிப்ஸோடு கலந்து, புரதச் சங்கிலிகளைப் பிணைக்கும் குறுக்கிணைப்புப் பிசினைத் தனியாகத் தெளிக்கும் வழி இருக்கிறது. தண்ணீர்ப் பிரச்சினையைக் கலவைத் தொட்டியிலிருந்தே வெளியேற்றிவிடும் அந்த யோசனை எனக்குப் பிடித்தது.

தண்ணீர் இல்லாமல் இளக்குவது

சோதனைக்குத் தொடங்க ஒரு கலவை: மாவு 100 பங்கு (ஈரம் 7 சதவீதம்), தண்ணீர் 165, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 0.5, திடப்பொருள் 20 சதவீதம் உள்ள பி.ஏ.இ. 50 பங்கு. மொத்தத் திடப்பொருள் ஏறத்தாழ 33 சதவீதம். இது ஓடினால் அடுத்த கலவையில் தண்ணீரை 15 பங்கு குறையுங்கள், அதன்பின் இன்னும் 15. தண்ணீர் 135க்கு வரும்போது திடப்பொருள் 36 சதவீதம். ரோலரில் கோடு விழத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள்.

மெட்டாபைசல்ஃபைட் என்ன செய்கிறது? புரதச் சங்கிலிகளுக்கு இடையே இருக்கும் கந்தகப் பாலங்களை அறுக்கிறது. சங்கிலி நீளம் அப்படியே இருக்கிறது, பின்னல் மட்டும் தளர்கிறது. அரைப் பங்கிலேயே பாகுநிலை கண்கூடாக இறங்கும். இருக்கும் கருவிகளில் இதுதான் சிறந்தது என்பேன், ஏனென்றால் திடப்பொருளைத் தொடாமல் ஓட்டத்தைத் தருகிறது. இதை மாவுக்கு முன் தண்ணீரில் கரையுங்கள். அமிலத்தன்மையுள்ள பி.ஏ.இ.யோடு நேராகச் சேர்த்தால் கந்தக டையாக்சைடு மூக்கைத் துளைக்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஈரவலிமை சரியும்.

உப்பும் ஓரளவு உதவும். புரதங்களின் மின்னூட்டத்தை மறைத்து அவற்றின் உப்பலைக் குறைக்கிறது. நொதிகள், அதாவது பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன், அன்னாசியின் புரோமெலைன், டிரிப்சின் போன்றவை சங்கிலியையே வெட்டும். பாகுநிலை தடாலென்று விழும், அதோடு நீர் தாங்கும் குணமும் விழும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். நொதியை முடக்கச் சூடேற்றினால் புரதமும் சேர்ந்து ஜெல்லாகும்.

யூரியாவை இளக்கியாகப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வறுக்காத, புரதச் சிதறல் குறியீடு (புரதத்தில் எத்தனை சதவீதம் தண்ணீரில் கரைந்து பரவும் என்ற அளவு) 90 உள்ள மாவில் யூரியேஸ் நொதி உயிரோடு இருக்கிறது. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டையாக்சைடாகவும் உடைக்கும். காலையில் 7ஆக இருந்த பிஹெச் மாலைக்குள் 9ஐ நோக்கிப் போகும், பசையின் ஓட்டமும் மாறும், தொட்டியில் நெடி கிளம்பும். குறியீடு 20 உள்ள வறுத்த மாவில் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. ஆனால் காரப் பசைக்கு வறுத்த மாவு ஆகாது, கரையவே மறுக்கும். எந்த மாவானாலும் குறியீடு மாறிய ஒவ்வொரு லாட்டுக்கும் தண்ணீரை மறுபடி நிர்ணயிக்க வேண்டும். பழைய அளவை நம்பிக் கலக்கினால் ஒருநாள் குழம்பு, மறுநாள் களி.

சூடுபடுத்தினால் இளகும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 35, 40 டிகிரி வரை கொஞ்சம் இளகும், உண்மை. அதற்கு மேலே போகப்போக நீர் வேகமாக ஆவியாகும். 70, 75 டிகிரியில் பீட்டா கான்கிளைசினின் விரியத் தொடங்கும், 90ஐ ஒட்டி கிளைசினின். விரிந்த புரதம் ஜெல். வெந்நீரில் கலக்கிய மாவு கலக்கியிலேயே கட்டிவிடும்.

பி.ஏ.இ. சேர்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அது நேர்மின்னூட்டம் கொண்டது, அமிலமானது. சோயா புரதத்தின் மின்னூட்டம் சமனாகும் பிஹெச் ஏறத்தாழ 4.5. பிசினை ஒரே மூச்சில் ஊற்றினால் விழும் இடத்தில் பிஹெச் அந்தப் புள்ளியைத் தொட்டு, புரதம் திரிந்து சிறு கட்டிகளாகும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் முழுதாகக் கரையாது. சுழி நடுவில் நூலாக ஊற்ற வேண்டும். சேர்த்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. குறுக்கிணைப்பு மெல்ல ஏற ஏறப் பாகுநிலையும் ஏறும். காரப் பசை நேரத்தில் இளகும், இது நேரத்தில் இறுகும். இறுகிய பசைக்குத் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்க முயல வேண்டாம், பாகுநிலை இறங்கும், போன வினைத்திறன் திரும்பாது. ஒரு மணிக்கு ஒருமுறை 10, 100 சுற்று இரண்டிலும் அளந்து, தொடக்க எண்ணின் இரண்டு மடங்கை எட்டியதும் தொட்டியை மாற்றுவது நடைமுறைக்கு ஏற்ற வரம்பு.

நுரை தனி வில்லன். புரதம் இயல்பிலேயே நுரை கட்டும். நுரைத்த பசை விஸ்காமீட்டரில் கெட்டியாகத் தெரியும், ரோலரில் பரவியபின் பாதி காற்று. 100 மில்லி கப்பை நிரப்பி எடை போடுங்கள். 30 சதவீதச் சோயா பசை காற்றில்லாமல் ஏறத்தாழ 109 கிராம் இருக்கும். 95க்குக் கீழே வந்தால் பாகுநிலையைப் பற்றிப் பேசுவதே வீண், முதலில் நுரையடக்கியைப் பாருங்கள். கலக்கியின் இறக்கை திரவ மட்டத்துக்கு மேல் வந்து காற்றை அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரஸ்ஸுக்குள்

வெனீரில் பசை ஏறும் அளவைச் சரிபார்க்க 300க்கு 300 மில்லிமீட்டர் வெனீர்த் துண்டு போதும். அதன் பரப்பு 0.09 சதுர மீட்டர். ஒரு பக்கம் 200 கிராம் வேண்டுமென்றால் துண்டில் 18 கிராம் ஏற வேண்டும். ரோலரின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என மூன்று இடத்தில் துண்டை விட்டுப் பாருங்கள். யூரியா பசையில் மறைந்திருந்த ரோலர் தேய்மானம் சோயா பசையில் அப்பட்டமாகத் தெரியும்.

அடுக்கியபின் பிரஸ் வரை இருக்கும் நேரத்தில் பசைத் தண்ணீர் மரத்துக்குள் போகிறது, பசையின் திடப்பொருள் உயர்கிறது, ஓட்டம் செத்துக்கொண்டே வருகிறது. நல்ல பக்கம்: பசை தானாக இறுகி, குளிர் பிரஸ்ஸில் அடுக்கு ஒட்டிக்கொள்ளும். கெட்ட பக்கம்: 38 டிகிரி வெயிலில், 4 சதவீதத்துக்கு உலர்த்திய வெனீரில் இது பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடும். ஹாட் பிரஸ்ஸில் சூடு ஏறும்போது பசை முதலில் கொஞ்சம் இளகி ஓடும், பிறகு புரதம் விரிந்து ஜெல்லாகும். அந்தச் சிறிய இளகல்தான் எதிர்வெனீரை நனைக்கிறது, மரக்கட்டையைத் தோலுரித்து வெனீர் எடுக்கும்போது அதில் விழுந்த விரிசல்களை நிரப்புகிறது. பசை அதற்கு முன்பே காய்ந்திருந்தால் பிரஸ் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை.

பிரிந்த பலகையைத் தூக்கி எறியாமல் படியுங்கள். ஒரு வெனீரில் பசை பளபளப்பாக, ரோலர் வரியோடு அப்படியே இருந்து, எதிர்வெனீர் சுத்தமாக இருந்தால் பசை காய்ந்துபோய் எதிர்ப்பக்கத்துக்குப் போகவே இல்லை. அடுக்கு நேரத்தைக் குறையுங்கள், அல்லது 15 பங்கு தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் மர நிறம்தான், பசையைக் காணோம் என்றால் பசை உள்ளே இறங்கிவிட்டது. அது அதிகமாக நீர்த்திருக்கிறது, அல்லது நொதியோ காஸ்டிக்கோ சங்கிலியைத் தின்றுவிட்டது. 0.5 மில்லிமீட்டர் முகவெனீரில் மேலே பசைப் புள்ளிகள் தெரிந்தாலும் அதே நோய்தான். இரண்டு பக்கமும் பசை ஈரப் பளபளப்போடு நூல் நூலாக இழுபட்டிருந்தால் ஒட்டத்தான் செய்தது, நீராவி பிளந்தது. பிரஸ்ஸைப் படிப்படியாக அழுத்தம் குறைத்துத் திறந்து பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெனீரை இன்னும் உலர்த்துங்கள், பசையில் தண்ணீரைக் குறையுங்கள்.

ஓட்டத்துக்காகச் செய்த ஒவ்வொரு சமரசத்துக்கும் கணக்குக் கேட்பது ஊறவைக்கும் சோதனை. அமெரிக்க ஹார்டுவுட் பிளைவுட் தரத்தின் இரண்டாம் வகைக்கு 24 டிகிரித் தண்ணீரில் 4 மணி நேரம் ஊறல், 50 டிகிரியை ஒட்டி 19 மணி நேரம் உலர்த்தல், இப்படி மூன்று சுற்று. நம் எம்.ஆர். (ஈரம் தாங்கும்) தரத்தில் 60 டிகிரித் தண்ணீரில் 3 மணி நேரம், 65 டிகிரியில் 8 மணி நேரம் உலர்த்தல், அதுவும் மூன்று சுற்று. உலர்நிலையில் நன்றாகப் பிடித்த, நொதியால் இளக்கிய பசை 60 டிகிரியில்தான் கைவிரிக்கும். அதனால் புதிய இளக்கி எதைச் சேர்த்தாலும் உலர்வலிமையைப் பார்த்து மகிழ வேண்டாம்.

சோயாவுக்குப் பதில் கடலைப் பிண்ணாக்கு ஆகாதா என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பார்கள். எண்ணெய் முழுதாக நீக்கிய நிலக்கடலை மாவிலும் புரதம் 50 சதவீதத்தை எட்டும், வேதியியலில் தடை ஒன்றுமில்லை. தடை செக்கிலும் எக்ஸ்பெல்லரிலும் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிண்ணாக்கில் தங்கிவிடும் எண்ணெய் மரத்தை நனைய விடாது, நுரையை அடக்குவதுபோல் ஏமாற்றிப் பிடிப்பைக் கெடுக்கும். கரைப்பானால் எண்ணெய் எடுத்த, அதிகம் சூடு படாத, 200 மெஷ்ஷுக்கு அரைத்த மாவு கிடைத்தால் முயன்று பார்க்கலாம். சோயாவின் தண்ணீர் அளவை அப்படியே பெயர்க்காமல் 10, 100 சுற்று அளவிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

கடைசியாகக் கழுவல். பி.ஏ.இ. பசை ரோலரில் காய்ந்துவிட்டால் தண்ணீரில் போகாது, சுரண்டத்தான் வேண்டும். வேலை நின்ற பத்து நிமிடத்துக்குள் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் புரதத்தை ரோலர் மேலேயே வேகவைத்துவிடும். கழுவிய நீரை அடுத்த கலவைக்குத் தண்ணீராகப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலிருக்கும் திடப்பொருளை அளந்து கணக்கில் கழியுங்கள், அன்றே தீர்த்துவிடுங்கள். நம் வெயிலில் இரவு தாண்டினால் அது புளித்து, பிஹெச் இறங்கி, காலையில் கலக்கும் புதிய மாவையும் திரிய வைக்கும்.